மாத்திரை வந்தது, பருப்பு வரவில்லை

2018 மார்ச் மாதம் டெல்லியில் நடந்த காசநோய் ஒழிப்பு மாநாட்டில் பிரதமர் நரேந்திர மோடி ஓர் அறிவிப்பைச் செய்தார். காசநோயை ஒழிக்க உலக நாடுகள் 2030-ஐக் காலக்கெடுவாக வைத்திருக்கின்றன. இந்தியா ஐந்து ஆண்டுகள் முன்னதாக, 2025-க்குள்ளேயே முடித்துக்காட்டும் என்றார். 2017-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கையிலும் இதே காலக்கெடுதான் இருந்தது. அதையொட்டி வந்த தேசிய வியூகத் திட்டம் மூன்று இலக்குகளை எழுதிவைத்தது. 2015-ஐவிடப் புதிய நோயாளிகள் 80 சதவீதம் குறைய வேண்டும். இறப்புகள் 90 சதவீதம் குறைய வேண்டும். சிகிச்சைச் செலவால் ஒரு குடும்பம்கூட நொடிந்துபோகக் கூடாது.

2025 முடிந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கடைசி அறிக்கைப்படி, 2015-இல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த புதிய நோயாளிகள் 2024-இல் 187 ஆகியிருக்கிறார்கள். 21 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. திட்டமிட்டபடி நடந்திருந்தால் இந்த எண் 50-க்குக் கீழே வந்திருக்க வேண்டும். இறப்பு லட்சத்துக்கு 28-இலிருந்து 21-க்கு வந்திருக்கிறது. உலகத்தின் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இன்றும் இந்தியர். ஆண்டுக்கு ஏறக்குறைய 27 லட்சம் பேருக்கு நோய் வருகிறது. சுமார் 3 லட்சம் பேர் சாகிறார்கள்.

உலக அளவில் இதே காலத்தில் 12 சதவீதம்தான் குறைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தியா வேகமாகவே ஓடியிருக்கிறது. கொரோனா வந்த 2020-இல் கண்டறியப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கை கால் பங்கு சரிந்தது. பரிசோதனை இயந்திரங்களும் ஊழியர்களும் வேறு வேலைக்குப் போனார்கள். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 80-க்கும் 21-க்கும் நடுவில் இருக்கும் தூரத்தைக் கொரோனா மட்டும் உண்டாக்கவில்லை. இலக்கை எழுதியபோதே அதில் ஒரு பெரிய பகுதி விடுபட்டிருந்தது. சுகாதாரத் துறை தன் கையால் செய்யக்கூடியவற்றை எல்லாம் எண்ணிக்கையாக்கினோம்: எத்தனை பேருக்குச் சளிப் பரிசோதனை, எத்தனை பேருக்கு மாத்திரை, எத்தனை பேர் முழுதாக முடித்தார்கள். நோயை உண்டாக்கும் பசியையும் புழுக்கமான வீட்டையும் கல்தூசியையும் எந்தத் துறையின் கணக்கிலும் எழுதவில்லை. இந்தப் பிழையின் வேர் ஓரளவுக்கு நம்முடைய சென்னையில் இருக்கிறது.

1956, மதராஸ்

மாத்திரை இல்லாத காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, இறைச்சி. அதற்காகவே ஊருக்கு வெளியே சானடோரியம் கட்டினார்கள். மருத்துவர் சௌரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கியது அப்படி ஒன்று. மின்சார ரயில் நிலையத்தின் பெயரில் அது இன்றும் இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். கிடைக்காதவர்கள் வீட்டிலேயே உருகிச் செத்தார்கள். எழுத்தாளர் புதுமைப்பித்தனை 1948-இல் கொண்டுபோனது இந்த நோய்தான்.

மருந்து வந்த பிறகு ஒரு கேள்வி எழுந்தது. ஏழை நாடுகளில் லட்சக்கணக்கான நோயாளிகளுக்குச் சானடோரியம் கட்ட முடியாது. வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் குணமாகுமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நான்கும் சேர்ந்து 1956-இல் சென்னையில் ஒரு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் இன்றைய வடிவம். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஆய்வை வழிநடத்தினார். நகரத்து ஏழைகள் 193 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில். இன்னொரு பிரிவு தங்கள் நெருக்கடியான வீட்டில். இரு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்து.

முடிவு 1959-இல் வெளிவந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்துக்காரர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், ஓய்வெடுத்தார்கள், எடையும் கூடுதலாகப் போட்டார்கள். ஆனாலும் கிருமி ஒழிவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகம் தொற்றவும் இல்லை. உலகத்தின் காசநோய் வைத்தியத்தையே திருப்பிப்போட்ட ஆய்வு இது. நாடு நாடாகச் சானடோரியங்கள் மூடப்பட்டன. 1962-இல் தொடங்கிய இந்தியாவின் தேசியத் திட்டம் இதன்மேல்தான் எழுந்தது. ஏழை நோயாளி வேலையையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு வருடக்கணக்கில் எங்கோ படுத்துக்கிடக்க வேண்டியதில்லை என்று நிரூபித்தது சாதாரண விஷயமில்லை. அந்த மையத்தில் வேலை செய்தவர்களுக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது.

பிழை நடந்தது அதற்குப் பிறகு. மாத்திரை இருந்தால் கிருமியை ஒழிக்கத் தனி உணவு அவசியமில்லை என்றது ஆய்வு. காசநோய்க்கு உணவு ஒரு பொருட்டே இல்லை என்று திட்டக்காரர்கள் புரிந்துகொண்டார்கள். இரண்டும் வேறு வேறு. நோயாளியின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வயிறார உணவு கிடைத்தால் அவர்களுக்கு நோய் வராமல் இருக்குமா என்று அந்த ஆய்வு கேட்கவே இல்லை. இரு பிரிவுக் குடும்பங்களும் ஒரே மாதிரிதான் அரைவயிறு உண்டன. ஆகவே பதில் அதிலிருந்து வந்திருக்கவும் முடியாது. இப்படி உணவு காசநோய்த் திட்டத்தை விட்டு வெளியேறியது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வெளியிலேயே நின்றது.

தடுப்பூசி காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் இருந்தது. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கானோரை வைத்து மிகப்பெரிய பி.சி.ஜி. ஆய்வு தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதுதான் கிடைத்த விடை. குழந்தைகளுக்கு வரும் கடுமையான வகைகளுக்கு அது உதவுகிறது, அதனால் போடுகிறோம்.

உடம்புக்குள் நடப்பது

தேசிய அளவில் 2019 முதல் 2021 வரை எடுத்த கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உடம்பில் காசநோய்க் கிருமி இருப்பது தெரியவந்தது. இவர்கள் எல்லாரும் நோயாளிகள் அல்ல. கிருமி உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் ஆயுளில் எப்போதாவது நோயாக வெடிக்கும். மற்றவர்கள் உடம்பு அதைச் சிறைவைத்துவிடுகிறது. அந்தக் காவலுக்குப் புரதம் வேண்டும், எடை வேண்டும். உடல் நிறை குறியீடு ஒரு புள்ளி கூடினால் காசநோய் வரும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். சர்க்கரை நோய், புகை, மது, எச்.ஐ.வி. எல்லாமே காசநோய்க்குக் கதவு திறப்பவைதான். இந்தியாவில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஊட்டக்குறைவு.

நோய் வந்த பிறகு எடை இன்னும் இறங்கும். மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் அடங்கியிருந்த பசி திரும்பி வரும், அதுவும் தாங்க முடியாத பசியாக. இதைச் சொல்லாத நோயாளி குறைவு. குணமாவதன் அறிகுறி அது. அந்த நேரத்தில் வீட்டில் சோறு இல்லையென்றால், வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டும், குமட்டினால் நிறுத்திவிடுவார்கள். அப்புறம் வருவது மருந்துக்கு அடங்காத வகை.

ஜார்க்கண்டின் பத்துக் கிலோ பை

அறுபது ஆண்டுகள் யாரும் நேரடியாகக் கேட்காத கேள்வியை மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் கேட்டார்கள். ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில், பெரும்பாலும் பழங்குடிக் குடும்பங்களிடையே, 2019 ஆகஸ்டில் ஆய்வு தொடங்கியது. சென்னையின் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் சேர்ந்திருந்தது. அதே நிறுவனம் தன் பழைய ஆய்வு தொடாத கேள்வியைத் தானே எடுத்துக்கொண்டதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

நோயாளிகள் 2,800 பேர். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஊட்டக்குறைவுள்ளவர்கள். நூற்றுக்குப் பதினேழு பேரின் உடல் நிறை குறியீடு 14-க்கும் கீழ். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 36 கிலோகூட இல்லை என்று அர்த்தம். உயிரோடு எழுந்து நடப்பதே அதிசயமான எடை.

நோயாளிகள் எல்லாருக்கும் மாதம் பத்துக் கிலோ பை ஒன்று போனது: அரிசி ஐந்து கிலோ, வறுத்த கொண்டைக்கடலை மாவு மூன்று கிலோ, பால் பவுடர் ஒன்றரைக் கிலோ, எண்ணெய் அரை லிட்டர். கூடவே சத்து மாத்திரை. ஆறு மாதத்துக்கு இது. மருந்துக்கு அடங்காத நோயென்றால் ஒரு வருடத்துக்கு. வித்தியாசம் குடும்பத்தில்தான். ஒரு பிரிவில் வீட்டிலுள்ள பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக் குடும்பங்களுக்குக் கொடுக்கவில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பத்தினரை 2022 வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள்.

பருப்பும் அரிசியும் போன வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அடுத்தவருக்குப் பரவக்கூடிய வகை 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளைப் பார்த்தால், முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் ஏறியவர்களுக்குச் சாவின் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 36 கிலோக்காரருக்கு ஐந்து சதவீதம் என்பது இரண்டு கிலோகூட இல்லை. 2023 ஆகஸ்டில் 'லான்செட்' இதழ்களில் இந்த முடிவுகள் வெளியாயின.

செலவு? 2019 விலையில் நோயாளிக்கு மாதம் 13 டாலர், குடும்பத்தினர் ஒருவருக்கு 4 டாலர். முப்பது வீடுகளுக்குக் கொடுத்தால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம். பிறந்த குழந்தைக்குப் போடும் ஊசி தடுக்காத நுரையீரல் நோயை, ரேஷன் கடையில் எடைபோட்டுத் தரக்கூடிய பருப்பு பாதியாகக் குறைத்திருக்கிறது. இப்படி ஒரு மாத்திரை கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் அது மறுநாளே எல்லா மாவட்டக் கிடங்குக்கும் போயிருக்கும்.

ஆயிரம் ரூபாய் யாருக்கு?

மத்திய அரசு உணவை முற்றிலும் மறந்துவிட்டது என்று சொன்னால் அது நியாயமில்லை. 2018 ஏப்ரலில் வந்த நிக்ஷய் போஷண் திட்டத்தில் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு மாதம் 500 ரூபாய் போனது. 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். 2022-இல் நன்கொடையாளர்கள் நோயாளிகளைத் தத்தெடுத்து உணவுப்பை கொடுக்கும் நிக்ஷய் மித்ரா தொடங்கியது. பிறகு குடும்பத்தினருக்கும் கொடுக்கலாம் என்று விரித்தார்கள்.

வரவேற்க வேண்டியவைதான். ஆனால் பணம் நோயாளி ஒருவருக்கு மட்டும். நோயில் விழுபவர் பல வீடுகளில் சம்பாதிக்கும் ஒரே ஆள். கூலி நின்றுபோன வீட்டில் அந்த ஆயிரமும் வாடகைக்கும் அரிசிக்கும் போய்விடும். பங்கிட்டுத்தான் சாப்பிடுவார்கள். எந்தத் தாய் தனக்கு வந்த பால் பவுடரைப் பிள்ளைக்குக் கலக்காமல் தானே குடிப்பாள்? குடும்பத்துக்கான பையோ நன்கொடையாளர் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. ஒரு தேசத்தின் இலக்கு யாரோ ஒருவரின் இரக்கத்தை நம்பி நிற்கலாமா?

உணவுப் பாதுகாப்புச் சட்டம் நாடெங்கும் தலைக்கு ஐந்து கிலோ தானியம் தருகிறது. பருப்பு தருவதில்லை. ஜார்க்கண்டில் நான்கில் ஒரு பெண்ணுக்கு மேல் எடைக்குறைவு. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் அது 26.2 சதவீதம். தமிழ்நாட்டில் 12.6. இலவச அரிசி, சிறப்புப் பொது விநியோகத்தில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு, பள்ளியில் சத்துணவு முட்டை என்று தமிழ்நாடு கொடுத்துவருகிறது. இரு மாநிலங்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் இவற்றுக்கும் பங்குண்டு. இவற்றைக் கொண்டுவந்தவர்கள் யாரும் காசநோயை நினைத்துச் செய்யவில்லை. ஆனாலும் ஒரு மாநிலத்தின் காசநோய்க் கணக்கை உணவுத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்துதான் எழுதுகின்றன.

வீடும் அப்படித்தான். மும்பையில் குடிசைவாசிகளை மாற்றிக் குடியமர்த்திய கோவண்டி, மான்கூர்டு பகுதிகளின் நட்வர் பாரேக், லல்லுபாய் குடியிருப்புகளில் 2018-இல் ஓர் ஆய்வு நடந்தது. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளி. காற்றும் வெளிச்சமும் வராத வீடுகளில் காசநோய் கூடுதல். அந்தக் கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்தது சுகாதாரத் துறை இல்லை.

கல்குவாரியிலும் கிரஷரிலும் வேலை செய்பவர் சுவாசிக்கும் சிலிக்கா தூசி, நுரையீரலில் காவலுக்கு நிற்கும் அணுக்களையே கொல்கிறது. அங்கே காசநோய் சுலபமாகக் குடியேறுகிறது. நீர் தெளித்துத் துளையிட்டாலே தூசி வெகுவாகக் குறையும். இந்தத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோய்க்கென்று ராஜஸ்தான் 2019-இல் தனிக் கொள்கை வகுத்தது. ஆனால் தேசியக் காசநோய் இலக்கில் தூசி அளவுக்கு ஓர் எண் கிடையாது.

2017 கொள்கையை முழுதாகப் படித்தவர்களுக்கு அதில் ஒரு நல்ல பகுதி கண்ணில் படும். தூய்மை, சமச்சீர் உணவு, புகையிலை-மது ஒழிப்பு, சாலைப் பாதுகாப்பு, பெண்கள் மீதான வன்முறை, பணியிடப் பாதுகாப்பு, காற்று மாசு என்று ஏழு துறைகளைச் சொல்லி, ஆரோக்கியம் இவற்றிலிருந்துதான் வருகிறது என்கிறது. உலக சுகாதார நிறுவனத்துக்காக மைக்கேல் மார்மட் தலைமையில், அமர்த்தியா சென் உள்ளிட்டோர் இருந்த ஆணையம் 2008-இல் சொன்னதன் சாரமும் இதுதான். ஆனால் கொள்கையில் நோய்களுக்கு எண்ணும் ஆண்டும் குறித்தார்கள். இந்த ஏழுக்குமான இலக்குகள் பின்னால் உருவாக்கப்படும் என்று விட்டுவிட்டார்கள். 2025-க்குள் நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்ற இலக்கும் அதில் இருந்தது. 2021-22 கணக்கில் அது 1.84 சதவீதம்.

இது புதிய வழக்கமும் இல்லை. கருங்காய்ச்சலை 2010-க்குள் ஒழிப்போம் என்றது 2002 கொள்கை. 2017 கொள்கை அதை 2017 என்று மாற்றியது. ஒவ்வொரு முறையும் ஆண்டை நகர்த்துகிறோம். இலக்கின் உள்ளடக்கத்தைத் திறந்து பார்ப்பதில்லை.

திறந்து பார்த்த நாடு ஒன்று உண்டு. பிரேசில் 2024 பிப்ரவரியில் 'ஆரோக்கியமான பிரேசில்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. காசநோய் உட்பட வறுமையால் வரும் நோய்களை ஒழிக்கும் பொறுப்பைப் பதினான்கு அமைச்சகங்களின் தலையில் வைத்தது. அது சரியான வழி என்று பிறகு வெளிவந்த ஓர் ஆய்வும் காட்டியது. 'போல்சா ஃபமீலியா' என்ற குடும்ப உதவித்தொகை பெற்றவர்களைப் பெறாதவர்களோடு ஒப்பிட்டார்கள். 5 கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகள். உதவி பெற்றவர்களில் காசநோய் 41 சதவீதம் குறைவு. பழங்குடியினரில் 60 சதவீதத்துக்கும் மேல். அந்தப் பணம் காசநோய்க்காகக் கொடுத்த பணம் அல்ல. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் தடுப்பூசி போடவும் ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுத்த பணம்.

இந்தியாவிலும் சுகாதார அமைச்சகம் மற்ற அமைச்சகங்களை அழைத்துப் பேசியதுண்டு. பேச்சு வேறு, பொறுப்பு வேறு. காசநோய் குறையவில்லை என்றால் உணவு அமைச்சகத்தின் செயலாளரும் பதில் சொல்ல வேண்டும் என்ற நிலை வந்தால்தான் பருப்பு நகரும்.

ஐந்து கேள்விகள், ஒரு தாள்

தமிழ்நாடு 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டத்தை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தோடு சேர்ந்து மாநிலக் காசநோய்ப் பிரிவு நடத்துவது. மருத்துவரோ ஆய்வுக்கூடமோ இல்லாமல், காசநோய் உறுதியான உடனே ஊழியர் ஒருவரே ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார். எடையும் உயரமும். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுகிறதா. ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் எவ்வளவு. எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. உடல் நிறை குறியீடு 14-க்குள் இருந்தாலோ, மூச்சு 24-க்கு மேல் போனாலோ, ஆக்சிஜன் 94-க்குக் கீழே இருந்தாலோ, நிற்க முடியாவிட்டாலோ வீட்டுக்கு அனுப்புவதில்லை. மருத்துவமனையில் சேர்த்து மருந்தோடு ஊட்டச்சத்தும் கொடுக்கிறார்கள்.

காசநோயாளிகளின் சாவுகளில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் நிகழ்கிறது. மாத்திரை கைக்கு வந்த பிறகு நிகழும் சாவு அது. வீட்டில் வைத்தே எல்லாரையும் குணமாக்கலாம் என்று உலகத்துக்குச் சொன்ன நகரம், எழுந்து நிற்க முடியாதவரை மட்டும் உள்ளே படுக்கவைத்துச் சோறு போடு என்று இன்று திருத்திச் சொல்கிறது. மாநிலம் முழுவதும் இப்படி நடத்திக்காட்டிய முதல் மாநிலம் இது.

ஆனால் இங்கும் பார்வை நோயாளியோடு நின்றுவிடுகிறது. கணுக்காலை அழுத்திப் பார்த்த ஊழியர் அந்த வீட்டில் இன்னும் எத்தனை பேர், அவர்கள் எடை என்ன, மாதம் எத்தனை நாள் பருப்பு வேகிறது என்று கேட்பதற்குத் தாளில் இடமில்லை. குடும்ப அட்டைக்குக் கிடைக்கும் துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோ. ஜார்க்கண்ட் ஆய்வில் பெரியவர் ஒருவருக்கே ஒன்றரைக் கிலோ கொடுத்தார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் நோயாளி போக மற்ற நால்வரும் பெரியவர்கள் என்றால் ஆறு கிலோ வேண்டும். அரிசி ஏற்கெனவே இலவசமாக வருகிறது. ஆக மாதம் ஐந்து கிலோ பருப்புதான் குறை, அதுவும் ஆறு மாதத்துக்கு. கடை இருக்கிறது, தராசு இருக்கிறது, அட்டைப் பதிவு கணினியில் இருக்கிறது, காசநோயாளியின் பதிவும் கணினியில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும்போது நோயாளியின் பெயர் தெருவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், டி.பி. என்றால் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும், வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். அட்டையைத் தேய்த்ததும் கூடுதல் பருப்பு என்று மட்டும் இயந்திரத்தில் வந்தால் போதும், காரணம் கடைக்காரருக்குத் தெரியவேண்டியதில்லை.

டெல்லி அடுத்த இலக்கை எந்த ஆண்டுக்கு எழுதினாலும், இதற்காகத் தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. உணவுத் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து கையெழுத்திடும் ஓர் அரசாணை வேண்டும். அந்த ஐந்து கேள்வித் தாளில் எடைக்குக் கீழே குடும்ப அட்டை எண்ணுக்கு ஒரு கட்டம் வேண்டும்.